வெறும் இலையில் சாப்பிட்டவன்

1979 தை (ஜனவரி) 9

இன்றைக்குப் பதினொரு பேர். பதினொன்றும் உதவாது.

காலையில் கொட்டகை வாசலிலேயே முத்துலிங்கம் நின்று, "எங்கட பிள்ளைபிடிகாரர் வாறார், ஒளியுங்கோடா" என்று கத்தினான். நாடக சபாவின் முதலாளியும் அவன்தான், நெறியாளனும் அவன்தான். நோட்டீசில் 'பாத்திரத் தெரிவு: நடராசா' என்று மரியாதையாகப் போடுவான், வாயில் வருவது பிள்ளைபிடிகாரன். இருபது வருடம் சேலை கட்டிப் பெண் வேடம் ஆடிய எனக்கு எந்தப் பெயரும் புதிதில்லை. தொண்டை போன பிறகு எனக்குக் கண் மட்டும்தான் மிச்சம். சபா சம்பளம் தருவது அந்தக் கண்ணுக்கு.

தேவை ஒரே ஓர் ஆள். 'கரை சேராதவன்' நாடகத்தில் செத்த மகனாக நடித்த சின்னராசா மார்கழியில் டுபாய்க்குப் பறந்துவிட்டான். பங்குனியில் ஒட்டுசுட்டானில் திருவிழா மேடை. கதை சின்னது. கடலில் போய்ச் செத்த மகனுக்கு வீட்டில் எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல், செய்கிறார்கள். படைத்து முடிந்த நேரம் அவனே உள்ளே வந்து இலைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருக்கிறான். தான் செத்தது அவனுக்குத் தெரியாது, தாய்க்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிறான். மொத்தம் ஒன்பது வரிதான் பேச்சு.

வருகிறவனுக்கு முன்னால் வெறும் வாழையிலையைப் போட்டு, "சாப்பிடு தம்பி" என்பேன். என் சோதனை அவ்வளவுதான். இன்று எல்லோரும் சப்புக் கொட்டினார்கள். ஒருவன் ஏப்பம் விட்டான். செத்தவன் ஏப்பம் விடுவானா?

தை 11

ஏழு பேர். ஒருவன் வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டுவந்தான்.

தை 18

பூவரசங்குளத்தில் ஆளைக் கண்டுபிடித்தேன்.

77 இனக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே காடு வெட்டிக் குடியிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து ஆடிய பொடியன்கள் அவர்களுக்குள் உண்டென்று கேள்விப்பட்டுத்தான் போனேன். நான்கு பேர் வந்தார்கள், மூன்று பேர் நன்றாக ஆடினார்கள். நாலாவது ஆள் ஆடமாட்டேன் என்றான். பெயர் மாயாண்டி, வயது இருபத்து நான்கு. தங்கை இலட்சுமியோடு கச்சான் கடலை பயிரிடுகிறான். அவர்களுக்கு வேறு ஒருவரும் இல்லை.

இலையைப் போட்டேன். இருந்தான், தண்ணீர் தெளித்தான், சாப்பிட்டான். அவசரமும் இல்லை, ருசியும் இல்லை. நடுவில் ஒரு தரம் கறிவேப்பிலையை எடுத்து ஓரத்தில் வைத்தான் — இலையில் ஒன்றுமே இல்லை. முடித்ததும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தான். சாவீட்டில் மடிக்கிற பக்கம். எத்தனையோ பேருக்கு இலை போட்டிருக்கிறேன், எல்லோரும் தங்கள் பக்கம்தான் மடித்தார்கள்.

இலட்சுமி வந்து இலையை எடுத்துக்கொண்டு போய் வேலிக்கு வெளியே போட்டுவிட்டுக் கை கழுவினாள்.

ஏன் அப்படி மடித்தாய் என்று கேட்டேன். "தெரியலீங்க. நான் கடைசியா எலையில சாப்பிட்டது அம்மா செத்தப்பதாங்க. கை அது பாட்டுக்குப் போயிருச்சு" என்றான்.

அண்ணனை அனுப்ப இலட்சுமிக்கு மனமில்லை. "கூட்டிட்டுப் போற மாதிரியே கொண்டாந்து விடணுங்க" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தை 20

முத்துலிங்கம் குதிக்கிறான். "தோட்டத்துப் பேச்சை வைச்சுக்கொண்டு இஞ்ச ஆரை ஏமாத்துறது?" ஒன்பது வரிதானே, அமராவதி சொல்லிக் கொடுப்பாள் என்றேன். தாய் வேடம் அவளுக்கு.

அவனுடைய இரண்டாவது கேள்வி நியாயமானது. எங்கள் சபாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாகிற வேடம், செத்த வேடம் போட்டவன் திரைக்குப் பின்னால் வந்ததும் தானாக அரிதாரம் துடைக்கக் கூடாது. அவன் வீட்டு ஆள் ஒருவர் அவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் பதில் சொன்ன பிறகுதான் வேடம் கலைப்பது. சின்னராசாவுக்குத் தாய் சைக்கிளிலாவது வந்துவிடுவாள்.

"தங்கச்சி தூரத்தில, இவனை ஆர் கூப்பிடுறது?"

"நான் கூப்பிடுறன்."

முத்துலிங்கம் என் முகத்தைப் பார்த்தான். பகிடி ஒன்றும் விடவில்லை.

மாசி 3

கிராம சேவகர் வந்தார், வாக்காளர் பெயர் இடாப்பு எழுத. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மனைவி கமலேஸ்வரி குசினி அடுப்படியில் இருந்தபடியே "மூண்டு" என்றாள். நடராசா, கமலேஸ்வரி, தவராசா. அவர் என்னைப் பார்த்தார். நான் முற்றத்தைப் பார்த்தேன். எழுதிக்கொண்டு போனார்.

மகன் தவராசா 77 ஆவணிக் கலவரத்துக்குள் கொழும்பிலிருந்து ரெயில் ஏறினான். ரெயில் கிளிநொச்சிக்கு வந்தது. அவன் வரவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. இந்த வீட்டில் அவனைப் பற்றி 'இருந்தான்' என்று பேசக் கூடாது. 'இருக்கிறான்' என்று பேசினாலும் கமலேஸ்வரிக்குப் பிடிக்காது. ஆகையால் பேசுவதே இல்லை.

மாசி 16

ஒத்திகை. அமராவதி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணை, வெறும் இலையில அவன் சாப்பிடுறதை என்னால பாக்கேலாமல் கிடக்கு. சோறு போட்டு ஒத்திகை பாப்பமே?"

சரி என்று சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு போட்டோம். மாயாண்டி சாப்பிட்டான். வாய் அசைந்தது, மிடறு இறங்கியது, விரலை வழித்தான். எழும்பிப் போன பிறகு அமராவதி இலையைப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். போட்ட சோறு போட்டபடி இருந்தது.

பிறகு கேட்டேன், ஏனடா சாப்பிடவில்லை என்று. "சாப்பிட்டேனுங்களே" என்றான்.

பங்குனி 12, ஒட்டுசுட்டான்

வயலுக்குள் யானை நின்றதால் பஸ்ஸை ஒரு மணி நேரம் மறித்து வைத்திருந்தார்கள். பொழுது சாயத்தான் தொடங்கினோம். நல்ல சனம்.

மாயாண்டி உள்ளே வந்து இலைக்கு முன்னால் இருந்ததும் சனத்துக்குள் ஒரு மனுசி எழும்பினாள். பெயர் வடிவம்மாவாம். போன மாரியில் மகன் குளத்தில் தாண்டு செத்துப் போனானாம். "மோனை, எழும்பி வாடா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை, வீட்டு முற்றத்தில் நின்று கூப்பிடுகிற குரல். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை அமத்தவில்லை. மாயாண்டி கையை நிறுத்தினான். மெல்லத் திரும்பி நேரே அவளைப் பார்த்தான், அத்தனை பேருக்குள்ளும் அவளை மட்டும். அது நாடகக் கொப்பியில் இல்லாத பார்வை. பிறகு திரும்பிச் சாப்பிட்டான்.

முடிந்தது. திரைக்குப் பின்னால் வந்து முகத்தில் சுண்ணாம்பு வெள்ளையோடு நின்றான். கூப்பிட வாய் திறந்தேன்.

"தவராசா."

எப்படி வந்ததென்று தெரியாது. மனதில் இருந்தது மாயாண்டி, வாயில் வந்தது அது.

"ஓமப்பா. வாறன்" என்றான்.

'ஆமாங்க' என்பதைத் தவிர வேறு வழியில் ஆம் சொல்லத் தெரியாத பொடியன். உடனே மாயாண்டி மாயாண்டி என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். "ஆமாங்க" என்று முகம் துடைத்தான். முன்னம் சொன்னது அவனுக்கு நினைவில்லை.

இன்றைக்கு இத்தோடு விடுகிறேன்.

பங்குனி 13

வாய் தவறியது, அவ்வளவுதான். ஆருக்கும் வாய் தவறும். அவனும் அமராவதியிடம் பழகிய பேச்சில் பதில் சொல்லியிருப்பான்.

பங்குனி 22, உடையார்கட்டு

இன்று வாய் தவறவில்லை. தெரிந்துதான் கூப்பிட்டேன்.

"ஓமப்பா" என்றான். கொஞ்சம் நின்றுவிட்டு, "சைக்கிளுக்குச் செயின் போட்டாச்சோ?" என்று கேட்டான்.

77 ஆடியில் தவராசா லீவில் வந்துவிட்டுப் போகிற அன்று ஸ்டேசனுக்குப் போகிற வழியில் செயின் அறுந்தது. இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு ஓடினோம். அடுத்த முறை வருவதற்குள் போட்டு வையுங்கோ அப்பா என்றான். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, கமலேஸ்வரிக்கும்கூட. மாயாண்டிக்கு எப்போதாவது கதையோடு கதையாகச் சொல்லியிருப்பேனா? பழைய நாட்குறிப்புக் கொப்பிகளைப் புரட்டினேன். எழுதியிருக்கவும் இல்லை.

செயின் இன்னும் போடவில்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? சிரித்தான்.

பிறகு நான் மாயாண்டி என்று கூப்பிடவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

சித்திரை 3

இதுவரை ஐந்து மேடை. சனம் குவிகிறது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தாயாவது எழும்பி நிற்கிறாள்.

முத்துலிங்கத்துக்குப் பெரும் சந்தோசம். "பாத்தியளே, பொடியன்ர பேச்சும் திருந்தியிட்டுது" என்கிறான். ஓம், திருந்திவிட்டது. இப்போது பகலிலும் 'வாறன், போறன்' என்றுதான் பேசுகிறான். ஆள் மெலிந்துபோனான். நேற்று அவனுக்கு ஒரு சேர்ட் வாங்கினேன். அளவு கேட்கவில்லை. தவராசாவின் அளவு எனக்குப் பாடம். சரியாக இருந்தது.

நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். எழுதவே பயமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சித்திரை 15

வருடப் பிறப்புப் பலகாரத்தோடு இலட்சுமி வந்தாள். மூன்று பஸ் மாறிக் கொட்டகைக்கு வந்திருக்கிறாள். மாயாண்டி வாங்குப் பலகையில் இருந்தபடி நாடகக் கொப்பி பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே" என்றாள். நிமிர்ந்து பார்த்தான். எழும்பி மரியாதையாக அவளுக்கு இடம் விட்டான். பிறகு என்னைப் பார்த்து, "ஆரப்பா இந்தப் பிள்ளை?" என்று கேட்டான்.

அவள் அழவில்லை. அவனைப் பார்த்தாள், அவன் போட்டிருந்த சேர்ட்டைப் பார்த்தாள், பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அலைச்சலில் களைத்துப்போனான் பிள்ளை, நித்திரை கொண்டால் சரியாகும் என்று நான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். அவள் பலகாரத்தை வாங்கில் வைத்துவிட்டுப் போனாள்.

சித்திரை 16

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

சித்திரை 21

ஒரு சொல் போதும். 'இவன் இந்த வேடத்துக்குச் சரியில்லை' என்று நான் சொன்னால் முத்துலிங்கம் எவ்வளவு குதித்தாலும் மாற்றத்தான் வேண்டும். தெரிவு என்னுடையது. எத்தனை பேரைத் தயவு தாட்சணியம் இல்லாமல் அனுப்பியிருக்கிறேன்! அழுதவனையும் அனுப்பினேன், காலில் விழுந்தவனையும் அனுப்பினேன்.

இன்று காலையில் அந்தச் சொல்லைச் சொல்லத்தான் போனேன். அவன் கிணற்றடியில் நின்று, "அப்பா, தேத்தண்ணி குடிச்சிட்டியளோ?" என்று கேட்டான். குடித்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்தேன்.

ஏலாது. என்னால ஏலாது. ரெண்டு வருசத்துக்குப் பிறகு என்ர பிள்ளை என்னைத் தேத்தண்ணி குடிச்சிட்டியளோ எண்டு கேக்கிறான், நான் எப்பிடி அவனைப் போ எண்டு சொல்லுறது? தாயும் ஒருக்காக் காணட்டும். அவள் கண்டால் போதும். கண்ட பிறகு யோசிப்பம்.

சித்திரை 29

நேற்று கிளிநொச்சியில் மேடை. கமலேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போனேன். என்ன நாடகம் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முன்வரிசையில் இருத்தினேன்.

நான் நாடகத்தைப் பார்க்கவில்லை. திரையோரம் நின்று அவளைத்தான் பார்த்தேன். அவன் உள்ளே வந்தபோது அவளுடைய கை மடியில் இருந்த சேலைத் தலைப்பைப் பிடித்தது. அவ்வளவுதான். பின்னால் இரண்டு தாய்மார் எழும்பி நின்றார்கள். இவள் எழும்பவில்லை. கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை விழுந்ததும் பின்னால் வரச் சொன்னேன். அவன் வெள்ளை முகத்தோடு நின்றான். "தவராசா" என்று கூப்பிட்டேன். "ஓமப்பா" என்றான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "அம்மா" என்றான். அதே குரல். சத்தியமாக அதே குரல்.

அவள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள் என்று நின்றேன். அவள் கிட்டப் போனாள். அவனுடைய கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. பிறகு கேட்டாள்:

"தம்பி, உன்னைப் பெத்தவ உன்னை என்னெண்டு கூப்பிடுறவ?"

அவன் வாய் திறந்தான். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் திறந்தான். உதடு அசைகிறது, தொண்டை அசைகிறது, சத்தம் இல்லை. ஒத்திகையில் சோறு சாப்பிட்டானே, அதே மாதிரி. அமராவதி பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கமலேஸ்வரி என் பக்கம் திரும்பினாள். சண்டை பிடிக்கிற குரல் இல்லை.

"தேடி வர ஆளில்லாத பிள்ளை எண்டுதானே இவனைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?"

நான் அமராவதியின் கையை விலக்கினேன்.

"செத்தவன்ர வேசத்துக்கு என்ர பிள்ளையை விட்டிருக்கிறியள். அப்ப அவன் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும். ரெண்டு வருசமாத் தெரியும். மூண்டு பேர் எண்டு நான் சொல்லேக்க எல்லாம் பக்கத்தில நிண்டு பாத்தியள், ஒரு வார்த்தை சொல்லேல்லை."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நிலத்தில் இருந்து, தலையில் அடித்து, இரண்டு வருடம் அழாததை எல்லாம் அழுதாள். சபாவே சுற்றி நின்றது. அவன் மட்டும் ஒன்றும் விளங்காமல் வெள்ளை முகத்தோடு நின்றான். அவனை வேடம் கலைக்க ஒருவரும் கூப்பிடவில்லை.

வைகாசி 1

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் இலட்சுமியைக் கூட்டிவந்தேன். நடந்ததை வழியிலேயே சொன்னேன், எல்லாவற்றையும். அவள் என்னைத் திட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவன் இரண்டு நாளாகக் கொட்டகையில் முகம் துடைக்காமல் இருந்தான். வெள்ளை காய்ந்து வெடித்திருந்தது. இலட்சுமி அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்து கூப்பிடத் தொடங்கினாள். "மாயாண்டி. அண்ணே. மாயாண்டி." பதினொரு மணிக்குத் தொடங்கினாள். நடுவில் ஊர்க் கதை சொன்னாள்: கச்சான் முளைத்ததை, ஆடு குட்டி போட்டதை, தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்ப் பீலியை. திரும்பவும் கூப்பிட்டாள். மத்தியானம் தொண்டை கட்டிவிட்டது, நிறுத்தவில்லை. நானும் சேர்ந்து கூப்பிட வாய் திறந்தேன். கமலேஸ்வரி, "நீங்கள் வேண்டாம்" என்றாள்.

நாலு மணி இருக்கும். "ஏன் புள்ள இப்படிக் கத்துற? காது கேக்குது" என்றான்.

இலட்சுமி தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். இரண்டு பேரும் பின்னேர பஸ்ஸில் போனார்கள். புதுச் சேர்ட்டைக் கழற்றி மடித்து வாங்கில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வைகாசி 4

நாடகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். முத்துலிங்கம் கொட்டகை இடிய ஏசினான். ஏசட்டும். இனி அந்த வேடத்துக்கு ஆள் தெரிவு செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனி 10

கமலேஸ்வரி இன்று காலையில், "இஞ்சாருங்கோ, கீரிமலையில பிள்ளைக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வம்" என்றாள். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சரி என்றேன்.

ஆவணி 19, கீரிமலை

ஆனையிறவில் ஆமிக்காரர் இரண்டு தரம் பஸ்ஸால் இறக்கி ஏற்றினார்கள். வெயில் ஏறத்தான் வந்து சேர்ந்தோம்.

குருக்கள் தர்ப்பை கொடுத்து, "இறந்தவற்ற பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

எழுதத்தான் வேண்டும். நான் சொன்ன பெயர் மாயாண்டி.

தெளிவாகச் சொன்னேன், தடுமாறவே இல்லை. குருக்களுக்கு என்ன தெரியும், அந்தப் பெயரை எடுத்து மந்திரம் தொடங்கிவிட்டார். எள்ளும் தண்ணீரும் என் கையால் இறங்கிவிட்டன. கமலேஸ்வரி, "நிப்பாட்டுங்கோ ஐயா, நிப்பாட்டுங்கோ" என்று கத்தினாள். அவளே பெயரைச் சொன்னாள். தவராசா. முதல் முறையாக அவள் வாயால், செத்தவன் பெயராக. குருக்கள் தண்ணீர் தெளித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். முன்னம் சொன்னதற்கு என்ன ஆகும் என்று கேட்டேன். தெளித்தாயிற்றே என்றார். அவர் முகத்திலும் தெளிவில்லை.

நித்திரை வரவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளுத் தண்ணி இறைச்சிட்டன். கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் ஆகக்கூடாது.

ஆவணி 21

கமலேஸ்வரியை வீட்டில் விட்டுவிட்டு நேரே பூவரசங்குளம் போனேன். பஸ்ஸால் இறங்கி நடந்தேன். ஒவ்வொரு வளவிலும் சாவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

கச்சான் தோட்டத்தில் ஒருவன் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். முதுகு சதை பிடித்திருந்தது. வேலியருகே நின்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நேராகத்தான் பார்த்தான்.

"யாருங்க? யாரத் தேடுறீங்க?"

பகிடியோ கோபமோ இல்லை. மூன்று மாதம் என்னோடு உண்டு உறங்கியவனுக்கு என்னைத் தெரியவில்லை. குடிசை வாசலுக்கு இலட்சுமி வந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் என்னைக் கெஞ்சியது.

"ஒருத்தரையும் இல்லைத் தம்பி" என்றேன். "பஸ்ஸை விட்டிட்டன். குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளோ?"

கிணற்றில் அள்ளிச் செம்பில் கொண்டுவந்து தந்தான். நான் குடித்து முடியும்வரை பக்கத்தில் நின்றான். அடுத்த பஸ் மூன்றே காலுக்கு என்றான், வெயிலாக இருக்கிறது, வேம்புக்குக் கீழே இருங்கள் என்றான். எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்டான். சொன்னேன். பதிலுக்குத் தானும் சொன்னான், நான் கேட்கவே இல்லை.

"நான் மாயாண்டிங்க."

பஸ் வரும்வரை வேம்புக்குக் கீழே இருந்தேன். அவன் திரும்பிக் களை பிடுங்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. கமலேஸ்வரி படலையில் நின்றாள்.

"இருக்கிறானோ?" என்று கேட்டாள்.

"ஓம். இருக்கிறான்" என்றேன்.